மனுவை யார் எழுதுவது

ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ நாவலில் ஒரு மனு எழுதப்படுகிறது. தங்கம் என்கிற கைம்பெண் அடிபட்ட உடம்போடு காத்தமுத்துவின் வீட்டு வாசலில் வந்து விழுகிறாள். அவள் கூலிக்குப் போன நிலத்துக்காரர் பரஞ்சோதி உடையார் அவளைப் பலவந்தப்படுத்தியிருக்கிறார். விஷயம் வெளியே தெரிந்ததும் உடையாரின் மனைவி வீட்டு ஆட்கள் வந்து அவளை அடித்திருக்கிறார்கள். காத்தமுத்து சேரி மக்களின் தலைவர். போலீஸ் ஸ்டேஷனும் கலெக்டர் ஆபீசும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் மனுவில் வேறொன்றை எழுதவைக்கிறார். தங்கள் தெருவில் நடந்தாள் என்பதற்காகச் சாதியைச் சொல்லித் திட்டி மேல்சாதிக்காரர்கள் அவளை அடித்தார்கள் என்று மனு போகிறது.

காத்தமுத்துவைப் பொய்யர் என்று தள்ளிவிட்டு இந்த இடத்தைக் கடக்க முடியவில்லை. அவருக்குச் சட்டம் தெரியும். பலாத்காரம் என்று எழுதினால் கேள்வியெல்லாம் தங்கத்தின் நடத்தையைப் பற்றியே வரும் என்பது தெரியும். சாதிக்கொடுமை என்று எழுதினால்தான் அதிகாரி நிமிர்ந்து உட்காருவார். அந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது. சாதியும் அங்கே பொய்யில்லை. அவள் பறைச்சி என்பதால்தான் உடையாருக்கு அந்தத் துணிச்சல் வந்தது. ஆனால் மனு எழுதி முடித்தபோது அதில் தங்கத்தைக் காணவில்லை. அவள் உடம்புக்கு நேர்ந்தது காணாமல் போய், சமூகத்துக்கு நேர்ந்தது மட்டும் காகிதத்தில் நிற்கிறது. அவளுக்காகப் பேசிய அதே காத்தமுத்துவின் வீட்டில், ஏற்கெனவே இரண்டு மனைவிகள் இருக்கும் வீட்டில், தங்கம் பின்னால் என்ன ஆகிறாள் என்பதையும் சிவகாமி விடாமல் எழுதிவிடுகிறார்.

நாவல் வந்தது 1989இல். சிவகாமி 1980இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தவர். மனுக்கள் வந்து குவியும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு மனுவிலும் எது எழுதப்பட்டிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்துப் பழகிய கண் அது. தமிழில் தலித் பெண் எழுதிய முதல் நாவல் என்று இதைச் சொல்கிறார்கள். அந்த முதல் நாவலின் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணின் கதையை ஓர் ஆண் திருத்தி எழுதும் காட்சி இருப்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காகிதத்தில் இல்லாமல் போனதை எழுதத்தான் அவர் பேனாவை எடுத்திருக்கிறார்.

மனு எழுதுகிறவளாக நானும் இருந்திருக்கிறேன். எங்கள் நாமகிரிப்பேட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நாதஸ்வரம் கிருஷ்ணனைத் தெரியும், மஞ்சளைத் தெரியும். நான் இங்கே டீச்சராக இருந்தவள். வேலையில் இருந்த காலமெல்லாம் காலனிப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதியோர் பணம், விதவைப் பணம், வீட்டுமனைப் பட்டா, பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ். ராசிபுரம் தாலுகா ஆபீஸ் வாசலில் எழுதுகிறவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதால் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். தை, மாசி என்றால் மஞ்சள் வெட்டிலிருந்து நேராக வருவார்கள். கிழங்கிலிருந்து விரலியை ஒடித்து ஒடித்து நகக்கண்ணில் ஏறிய மஞ்சள், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. வேகவைத்துக் காயவைத்து மெருகு போட்டபின் விரலி, உருண்டை, பனங்காலி என்று தரம் பிரிந்து சரக்கு செவ்வாய்க்கிழமை ஏலத்துக்குப் போகும். மறுநாள் பேப்பரில் குவிண்டால் விலை வரும்.

ஒருத்தி விதவைப் பண மனுவுக்கு வந்தாள். எனக்கு வேண்டியது புருஷன் பெயரும் இறந்த தேதியும். அவள் ஒரு கன்றுக்குட்டியிலிருந்து ஆரம்பித்தாள். அவன் குடிக்காக விற்றுவிட்ட கன்று. அது அவளுடைய அப்பன் கொடுத்தது. விற்ற அன்று அவள் மூன்று மைல் நடந்து போய் வாங்கியவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அங்கே உள்ளே விடாமல் வாசலுக்கு வெளியே வைத்து ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் ஊற்றியிருக்கிறார்கள். சாவுக்கு வர இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. “அதையும் எழுதிக்குங்க டீச்சரு” என்று நடுநடுவே சொன்னாள். மனுவில் அதற்கு இடம் கிடையாது. மனுவுக்கு ‘மேற்படி முகவரியில் வசித்து வரும் நான்’ என்று ஓர் ஆள் போதும். அந்த ‘நான்’ எல்லா மனுவிலும் ஒன்றுபோல இருப்பாள்: ஏழை, ஆதரவற்றவள், கருணைக்குக் காத்திருப்பவள். என் எதிரில் இருந்தவளோ கோபக்காரி. கன்றைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

தலித் பெண்களின் எழுத்தை எப்போது எடுத்தாலும் அந்தக் கோபக்காரியின் குரலைத்தான் நான் தேடுகிறேன். பாமாவின் ‘சங்கதி’யில் அது முழுசாகக் கிடைத்தது. 1994இல் வந்த அந்த நூலில் ராக்கம்மா என்று ஒருத்தி வருகிறாள். புருஷன் தெருவில் வைத்து அடிக்க வரும்போது அவள் அழுவதில்லை. வாயில் வருகிற வசவையெல்லாம் கொட்டுகிறாள். கடைசியில் எல்லார் முன்னாலும் சேலையைத் தூக்கிக் காட்டி அவனை ஓடவைக்கிறாள். கூடியிருந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இப்படிச் செய்யாவிட்டால் அவன் இவளை அடித்தே கொன்றிருப்பான் என்று கதைசொல்லிக்குப் புரிகிறது. படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் பார்க்கும் ஒரு பெண்ணின் புரிதல் அது. அந்தப் புரிதல் ராக்கம்மாவை மேடையில் ஏற்றுவதும் இல்லை, திருத்துவதும் இல்லை. பக்கத்தில் நின்று பார்க்கிறது.

அதே நூலில் மாரியம்மாவின் பஞ்சாயத்து வருகிறது. தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் நிலத்துக்காரர் கையைப் பிடித்து இழுக்க, அவள் திமிறி ஓடிவந்துவிடுகிறாள். அவர் முந்திக்கொண்டு நாட்டாமையிடம் போய், மாரியம்மாவும் மாணிக்கமும் காட்டில் தப்பாக இருந்ததைத் தான் பார்த்ததாகச் சொல்கிறார். ஊர் கூடுகிறது. பெண்கள் வாய் திறந்தால் அடக்குகிறார்கள். மாரியம்மாவுக்கு 200 ரூபாய் அபராதம், மாணிக்கத்துக்கு 100. நடந்ததை முதலில் யார் சொன்னாரோ அவருடைய கதைதான் நடந்தது ஆகிவிடுகிறது. தங்கத்தின் மனுவும் மாரியம்மாவின் பஞ்சாயத்தும் எனக்குப் பக்கத்துப் பக்கத்துப் பக்கங்களாகவே தெரிகின்றன. ஒன்றில் சொந்தச் சமூகத்துத் தலைவர் அவளுக்காக எழுதுகிறார். இன்னொன்றில் சொந்தச் சமூகத்துப் பஞ்சாயத்து அவளுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதுகிறது. இரண்டிலும் அவளைக் கேட்டு எழுதவில்லை.

தலித் பெண்ணெழுத்து பற்றிய பேச்சில் முப்பது வருடமாக ஒரு வாக்கியம் அலுக்காமல் திரும்ப வருகிறது: அனுபவம் இருக்கிறது, கலையாக்கம் போதவில்லை. எனக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதை ஒழுங்காக வாசித்தவருக்கு அது வாழ்க்கையைப் பிறந்தது முதல் வரிசையாகச் சொல்லவில்லை என்பது தெரியும். வேலை என்று ஓர் அத்தியாயம், விளையாட்டு என்று ஓர் அத்தியாயம், படிப்பு, சாமி என்று போகிறது. ஒரே சிறுமி, ஒரே தெரு, ஒரே கோயில் ஒவ்வொரு முறையும் வேறொரு பக்கத்திலிருந்து திரும்ப வருகின்றன. முதல் சுற்றில் விளையாட்டாக இருந்தது மூன்றாவது சுற்றில் காயமாகிறது. பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து அந்தச் சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னபிறகுதான் காரணம் தெரிகிறது. சிரிப்பை முதலில் வைத்து விளக்கத்தைப் பின்னால் வைத்த அந்த வரிசையில்தான் எழுத்தின் வேலை நடந்திருக்கிறது. ‘சங்கதி’யில் கதாநாயகி என்று ஒருத்தி இல்லாமல் பாட்டியும் பேத்தியும் அத்தையும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே போவதும் தெரிந்து செய்த அமைப்புதான். தெருவில் பேசுகிற தமிழை அச்சில் ஏற்றும்போது எந்த வசவை வைப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு வரியிலும் முடிவு எடுக்காமல் அப்படி ஒரு பக்கம்கூட எழுத முடியாது. அதைக் கொட்டித் தீர்த்தது என்று சொல்கிறவர்கள் எழுதிப் பார்க்காதவர்கள்.

இந்த இடத்தில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களை நினைக்காமல் இருக்க முடியாது. அவர்களுடைய முதல் பிரச்சினையே மனுவை யார் எழுதியது என்பதுதான். ஃபிலிஸ் வீட்லி என்கிற அடிமைப் பெண்ணின் கவிதைகள் 1773இல் லண்டனில் அச்சானபோது, இவற்றை எழுதியது இவள்தான் என்று பாஸ்டனின் 18 கனவான்கள் கையெழுத்திட்ட சான்று புத்தகத்தின் முன்னால் வைக்கப்பட்டது. ஆளுநர் முதல் கையெழுத்து. ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861இல் தன் அடிமை வாழ்க்கையை, எசமானின் பாலியல் தொல்லையை, பாட்டி வீட்டுப் பரணில் ஏழு வருடம் ஒளிந்திருந்ததை வேறு பெயரில் எழுதினார். பதிப்பாசிரியராக இருந்த வெள்ளைக்காரப் பெண்மணியே கற்பனையாக எழுதியது என்று நூறாண்டுக்கு மேல் பலர் நம்பினார்கள். 1980களில் ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் கடிதங்களைத் தேடி எடுத்து நிரூபித்தபிறகுதான் நூல் ஜேக்கப்ஸின் கைக்கு வந்தது. அனுபவம் உன்னுடையது, எழுத்து வேறொருவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்கிற சந்தேகமும், அனுபவம் இருக்கிறது, கலை இல்லை என்கிற நம்முடைய விமர்சனமும் ஒரே வீட்டில் பிறந்தவை.

டோனி மாரிசன் இதை நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து பிடித்தார். அவர் ராண்டம் ஹவுஸில் பதிப்பாசிரியராக இருந்தபோது, 1974இல் வெளிவந்த, கறுப்பின மக்களின் வரலாற்றுத் துணுக்குகளைத் திரட்டிய ஒரு பெரிய நூலின் வேலையில் மார்கரெட் கார்னர் பற்றிய பழைய செய்தி ஒன்று அவர் கண்ணில் பட்டது. 1856இல் கென்டக்கியிலிருந்து தப்பியோடிய அடிமைத்தாய் அவர். பிடிக்க வந்தவர்கள் சூழ்ந்துகொண்டபோது தன் பெண்குழந்தையைத் தானே கொன்றார். வழக்கில் நீதிமன்றம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி, அவரைக் கொலைகாரி என்று விசாரிப்பதா, ஓடிப்போன சொத்து என்று திருப்பி அனுப்புவதா என்பது. சொத்து என்றே முடிவானது. மாரிசன் அந்தப் பெண்ணைப் பற்றி மேலும் துருவாமல் நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைக் கற்பனையில் எழுதினார். 1987இல் ‘பிலவ்ட்’ வந்தது. ஆவணத்தில் இருந்த பெண் வழக்குக்கு வேண்டிய அளவுக்கு மட்டுமே இருந்தாள். அவள் மனசு எந்த ரெக்கார்டிலும் இல்லை. அதை எழுத நாவல்தான் வேண்டியிருந்தது. வெள்ளைக்கார வாசகனுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு எழுத மாட்டேன் என்பதில் மாரிசன் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். என் குடும்பத்தைப் போல மஞ்சள் காடு வைத்திருந்த, காலனிக்காரர்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்த வீட்டில் பிறந்த வாசகருக்கு அந்தப் பிடிவாதம் நேரடியாக உறைக்கும். ராக்கம்மா என்னைப் பார்த்துச் சேலையைத் தூக்கவில்லை. நான் புரிந்துகொள்கிறேனா என்பது அவளுக்குப் பொருட்டே இல்லை. அந்தப் புத்தகத்தில் நான் விருந்தாளிகூட இல்லை. வேலிக்கு வெளியே நின்று கேட்கிறவள். அப்படிக் கேட்பதுதான் சரியான வாசிப்பு என்று நம்புகிறேன்.

வெளியே இருந்து பார்க்கிறவர்களை மறந்துவிடுவதுகூட ஒருவகையில் சுலபம். சொந்த ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதுவதுதான் கஷ்டம். ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1937இல் தெற்குப் பகுதிக் கறுப்பர்களின் பேச்சுமொழியில் ஒரு பெண்ணின் காதலையும் தேடலையும் நாவலாக எழுதினார். வெள்ளையர் ரசிக்கும்படி கறுப்பர்களை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டார் என்று அதைச் சாடியவர் இன்னொரு பெரிய கறுப்பின எழுத்தாளரான ரிச்சர்ட் ரைட். ஹர்ஸ்டன் 1960இல் ஃப்ளோரிடாவில் ஏழ்மையில் இறந்தார். கல்லில்லாத கல்லறை. 1973இல் ஆலிஸ் வாக்கர் தேடிப்போய் ஒரு கல் நட்டார். அதே வாக்கர் 1982இல் ‘தி கலர் பர்ப்பிள்’ எழுதியபோது அவருக்கும் அதே அடி விழுந்தது: நம்முடைய ஆண்களைக் கொடுமைக்காரர்களாகக் காட்டி எதிரிக்கு ஆயுதம் கொடுத்துவிட்டாய். 1985இல் படம் வந்தபோது போராட்டமே நடந்தது. அந்த நாவலை ஷஹிதா ‘அன்புள்ள ஏவாளுக்கு’ என்று தமிழில் தந்திருக்கிறார். ‘சங்கதி’யை முடித்த சூட்டோடு அதை வாசிக்க வேண்டும்.

பாமாவுக்கும் இது நடந்தது. ‘கருக்கு’ வந்தபோது ஊரை அசிங்கப்படுத்திவிட்டாள் என்று சொந்த ஊர் கோபித்துக்கொண்டது. சில மாதங்கள் ஊருக்குள் போக முடியாமல் இருந்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படித்த பையன்கள் வாசித்துச் சொல்லிச் சொல்லித்தான் ஊர் சமாதானமானது. சிவகாமி காத்தமுத்துவைப் படைத்ததற்கும் கண்டனம் வந்தது. தலித் தலைவர் ஒருவரைப் பெண்பித்தராக, வசூல் பேர்வழியாகக் காட்டலாமா என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை அற்பம் என்று தள்ள எனக்கு மனமில்லை. சுற்றிலும் எதிரிகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது வீட்டுச் சண்டையைச் சத்தமாகப் போடாதே என்கிற பயம் நியாயமான பயம். அந்தப் பயத்தின் விலையை மட்டும் எப்போதும் பெண்ணே கட்டுகிறாள்.

சிவகாமி இதற்கு என்ன செய்தார் என்பதுதான் எனக்குத் தமிழ்ப் புனைவின் பெரிய தருணங்களில் ஒன்று. பதில் கட்டுரை எழுதவில்லை. இன்னொரு நாவல் எழுதினார். ‘ஆசிரியர் குறிப்பு’ என்ற அந்தத் தொடர்ச்சியில், முதல் நாவலை எழுதியவள் சொந்த ஊருக்குத் திரும்புகிறாள். எந்தக் கதையை எழுதினாளோ அந்த மண்ணில் நின்று, தான் எழுதியது நியாயமா என்று துருவுகிறாள். காத்தமுத்துவை அவ்வளவு கறுப்பாக வரைந்ததில் அப்பா மேல் மகளுக்கு இருந்த பழைய கோபம் எவ்வளவு? எதை விட்டாய், ஏன் விட்டாய்? 2006இல் ஆங்கிலத்தில் ‘தி க்ரிப் ஆஃப் சேஞ்ச்’ என்று அவரே மொழிபெயர்த்தபோது இரண்டையும் ஒரே புத்தகமாக வைத்தார். தங்கத்தின் கதையைத் திருத்தி மனு எழுதிய காத்தமுத்துவிடம் கேட்ட கேள்வியை, நாவல் எழுதிய தன்னிடமும் அவர் கேட்டுக்கொண்டார். காத்தமுத்துவை அவர் மன்னிக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை. வாக்கர் 1996இல் தன் நாவலும் படமும் கிளப்பிய சர்ச்சையைத் திரும்பிப் பார்த்து ஒரு நூல் வெளியிட்டார். அது கட்டுரையும் நாட்குறிப்புமான நூல். சிவகாமி அதைப் புனைவுக்குள்ளேயே செய்தார். மேலைநாட்டு உத்திகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நம் விமர்சகர்கள், கண்ணெதிரே ஓர் எழுத்தாளர் தன் நாவலையே விசாரணைக் கூண்டில் ஏற்றியதை உத்தி என்று கொண்டாடவில்லை. தலித் இலக்கியம் என்ற அலமாரியில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

சுகிர்தராணி, அரங்க மல்லிகா, உமாதேவி என்று பிறகு எழுத வந்தவர்களுக்குச் சிவகாமியும் பாமாவும் வெட்டிய பாதை இருந்தது. பாதை இருந்தும் தொல்லை ஓயவில்லை. 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து மகாஸ்வேதா தேவியின் ‘திரௌபதி’யோடு பாமாவும் சுகிர்தராணியும் நீக்கப்பட்டார்கள். 2023இல் தனக்கு அறிவிக்கப்பட்ட ஒரு விருதை, நிதி தரும் நிறுவனம் தன் கொள்கைக்கு எதிரானது என்று சுகிர்தராணி வேண்டாம் என்றார். பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டு எழுதுகிறவர் அவர்.

எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்தில் காலனி என்றால் பெரும்பாலும் அருந்ததியர் குடியிருப்பு. அவர்களுக்கு உள்ஒதுக்கீடு 3 சதவீதம் 2009இல் வந்தது. அதற்குப் பிறகு கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளை நானே கண்ணால் பார்த்தேன். இந்த மண்ணின் பண்ணையத்து வாழ்க்கையை நாவலாக்கியவர் பெருமாள்முருகன். ஆடு மேய்க்கும் அருந்ததியர் பிள்ளைகளின் உலகம் ‘கூளமாதாரி’யில் இருக்கிறது. அந்தச் சமூகத்துக்கு வெளியே பிறந்தவர் எழுதிய நூல். அத்தனை பக்கமும் அன்போடும் கவனத்தோடும் எழுதியிருக்கிறார். அவர் நாமக்கல்லில் நடத்திய கூடு ஆய்வுச் சந்திப்பிலிருந்து 2013இல் ‘சாதியும் நானும்’ தொகுப்பு வந்தது. பலரும் தங்கள் சாதி அனுபவத்தைத் தாங்களே எழுதிய கட்டுரைகள். எனக்கு அந்தத் தொகுப்பு ‘கூளமாதாரி’க்கு அடுத்த படியாகத் தெரிகிறது. அதற்கும் அடுத்த படி, இங்கே மஞ்சள் ஒடித்த ஒருத்தியின் மகள் எழுதும் நாவல்.

அதை எழுத உட்காரும் பெண்ணுக்குப் பாமாவுக்கு இல்லாத ஒரு சிக்கலும் உண்டு. இங்கே பல வீடுகளில் பெரியவர்கள் தெலுங்கு பேசுகிறார்கள். தெருவில் கொங்குத் தமிழ். பள்ளிக்கூடத்தில் மூன்றாவது ஒரு தமிழ். என்னிடம் படித்து இப்போது கல்லூரியில் இருக்கும் ஒரு பெண், அம்மாயி ரேஷன் கடையில் போட்ட சண்டையை எழுதிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் நோட்டோடு வந்தாள். “அம்மாயி கோவம் வந்தாத் தெலுங்குலதாங்க டீச்சர் வைவாங்க. அப்பிடியே எழுதுனாப் படிக்கறவங்களுக்குப் புரியுங்களா? அடியில அர்த்தம் போட்டறட்டுங்களா?” என்று கேட்டாள்.

அர்த்தம் போடாதே கண்ணு என்றேன். பாமாவின் ஊர்ப்பேச்சு எங்களுக்கும் முதலில் பிடிபடவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் காது பழகியது. அம்மாயி கடைக்காரனைத் திட்டுகிறாள், எங்களை இல்லை. எங்களுக்காக அவள் ஏன் நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும்? அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். சண்டை கடையில் ஆரம்பித்து, எடைக்கல்லுக்குப் போய், அங்கிருந்து அம்மாயியின் கல்யாணத்துக்குப் போய், நின்றுபோன ஒரு சம்பந்தத்துக்குப் போயிருந்தது. அரிசி இன்னும் பைக்குள் விழவில்லை. அடுத்த நோட்டும் வாங்கிவிட்டதாகச் சொன்னாள்.